மூன்றடி தூரத்தில் ஒரு சொம்பு

எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில், பெண்ணின் அப்பா என்னைப் பார்த்து, "மாப்ள இன்னா வேல செய்றாரு?" என்று கேட்டார். பக்கவாதம் அடித்து விழுங்க முடியாமல் போனவர்களுக்கு மறுபடி விழுங்கக் கற்றுக்கொடுக்கிறேன் என்று விளக்கினேன். அவர் கையிலிருந்த கேசரியை வாயில் போட்டார், முழுங்கினார், பிறகு நிதானமாக, "இதுக்குமா டியூசன்?" என்றார். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. நீங்கள் சரியாக மெல்லாமல் முழுங்குகிறீர்கள் என்று நான் சொல்லியிருக்கக் கூடாது.

கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை. வார்டில் என் பெயர் 'நாக்கு சார்'. ஒரு நாளைக்கு இருபது பேருக்காவது நாக்கை நீட்டிக் காட்டி, அதே மாதிரி நீட்டச் சொல்வேன். வியாழக்கிழமைகளில் வெள்ளிமலைக்குப் போய் அங்கே இருப்பவர்களுக்கும் நீட்டிக் காட்டுவேன். மலைப்பாதை பஸ்ஸில் முன்சீட்டுக் குழந்தைக்கு வழக்கத்தில் நாக்கை நீட்டி, அதன் தாயிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. கோமாளித்தனம் இந்த வேலைக்கு உதவும். மூக்கில் குழாயோடு படுத்திருப்பவர் முதலில் வெட்கத்தை விட வேண்டும். எதிரில் இருப்பவன் அவரைவிட வெட்கம் கெட்டவனாக இருந்தால் அது சுலபம். வெட்கம் கெட்டவன் என்று அப்போது விளையாட்டாகத்தான் சொல்லிக்கொள்வேன்.

தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தொண்டையில் இரண்டு வழிகள். ஒன்று வயிற்றுக்கு, ஒன்று நெஞ்சுக்கு. நாம் விழுங்கும்போது நெஞ்சுக்குப் போகும் வழி தானாகச் சாத்திக்கொள்ளும். வாதம் வந்தவருக்கு அந்தக் கதவு மெதுவாகச் சாத்தும், அல்லது பாதி சாத்தும். கஞ்சி கெட்டியாக இருந்தால் மெல்ல ஊர்ந்து வரும், கதவுக்கு நேரம் கிடைக்கும். தண்ணீர் அவசரக்காரன், கதவு சாத்துமுன் உள்ளே நுழைந்துவிடுவான். இதை எந்த வீட்டிலும் நம்ப மாட்டார்கள். "தண்ணி கூடவா சார் எறங்காது?" என்பார்கள். தண்ணீர்தான் இறங்காது. புரை ஏறினால் யாரோ நினைக்கிறார்கள் என்று உச்சந்தலையில் தட்டுவார்கள். என் நோயாளிகளை ஊரே நினைத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு தொல்லையும் உண்டு. எங்கள் பாடப் புத்தகங்கள் எல்லாம் கோப்பையில் வாய் வைத்துக் குடிப்பவர்கள் எழுதியவை. நம் பக்கத்தில் பாத்திரத்தைத் தூக்கி, அண்ணாந்து, உதட்டில் படாமல் மடமடவென்று ஊற்றிக்கொள்வோம். நல்ல தொண்டைக்கு அது ஒரு வித்தை. வாதம் தொட்ட தொண்டைக்கு அதுதான் ஆபத்து. தலை பின்னால் சாய்ந்தால் நெஞ்சுக்குப் போகும் வழி ஆவென்று திறந்து கிடக்கும். ஆகவே நான் சொல்லித்தரும் முதல் பாடம், அண்ணாந்து குடிக்காதே. தாடையைக் குனி, டம்ளரில் வாய் வை, சின்ன மடக்காக உறிஞ்சு.

இதை நான் யாருக்கு மிக நன்றாகச் சொல்லிக்கொடுத்தேனோ, அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அவர் கரும்பு வெட்டுகிறவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். எலவனாசூர்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர். ஊர்க்காரர் என்று எழுதும்போதே கை தயங்குகிறது. நாங்கள் ஊர், அவர்கள் காலனி. நடுவே ஒரு வாய்க்கால். எங்கள் கழனியில் பல வருடம் கரும்பு வெட்டியிருக்கிறார். வார்டில் என்னைப் பார்த்ததும், ஒரு பக்கம் விழுந்துபோன உடம்போடு எழுந்து உட்காரப் பார்த்தார். நான் தோளைப் பிடித்துப் படுக்கவைத்து, "அண்ணே, இங்க நான்தான் உங்களுக்கு வேலக்காரன்" என்றேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

டம்ளரில் வாய் வைக்க அவர் படாத பாடு பட்டார். தொண்டையைவிட உதடுதான் மறுத்தது.

"எச்சிலாப் பூடும் சார்."

"உங்க டம்ளரு, உங்க எச்சிலு. நடுவுல நான் யாருண்ணே?"

அவர் மனைவி கட்டில் காலடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாயை மூடி நான் பார்த்ததில்லை. "அம்பது வருசமா தூக்கி ஊத்திக்கினு இருந்த மனுசன். மாட்டுக்குக் கயிறு போட்டாப்புல மூக்குல குழாயப் போட்டுட்டீங்க. இனிமே தொட்டியில வாய வெச்சிதான் குடிக்கணும்" என்றார்.

"குடிக்கறப்ப மேல கூரையப் பாக்காதீங்கண்ணே. கூரை எங்கியும் ஓடிப் போவாது. டம்ளருக்குள்ள பாருங்க, உங்க மூஞ்சி தெரியும்."

"அதப் பாத்தா எறங்குமா சார்?" என்றார் அவர். வாய் கோணலாக இருந்தாலும் கேலிக்கு நேரம் தவற மாட்டார்.

ஒவ்வொரு மடக்கு விழுங்கியதும் 'ஆ' என்று சொல்லச் சொல்வேன். குரல் தெளிவாக இருந்தால் போக வேண்டிய வழியில் போயிற்று. குரல், வாய்க்குள் தண்ணீர் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி கொளகொளவென்று வந்தால், தண்ணீர் தப்பான வாசலில் நிற்கிறது. அதை நாங்கள் ஈரக் குரல் என்போம். எனக்கு இதில் நல்ல காது. அடுத்த வார்டில் யாராவது ஈரமாகப் பேசினாலே திரும்பிப் பார்ப்பேன். இதையும் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குழாயோடு கிடந்த நாளெல்லாம் அவர் ஒன்றைத்தான் கேட்டார். "குழாய எடுத்தா மொதல்ல ஒரு டீ குடிக்கணும் சார்." வாரக் கணக்கில் பழகினோம். ஒரு நாள் நான் வெள்ளிமலையிலிருந்து வாங்கி வந்த சாமையை அவர் மனைவி கெட்டிக் கஞ்சியாகக் காய்ச்சினார். ஸ்பூன் ஸ்பூனாக, தாடையைக் குனிந்து, அவர் அத்தனையையும் முழுங்கினார். குழாய் எடுத்த பிறகு அவர் பேசப் போகும் முதல் வார்த்தைக்காக நர்ஸ் உட்பட எல்லோரும் காத்திருந்தோம். "உப்பு கம்மி" என்றார். "பாத்தீங்களா சார், அந்தக் குழாயே தேவல" என்றார் மனைவி.

வீட்டுக்கு அனுப்பும்போது பாடங்களை ஒருமுறை ஒப்பித்தார். கெட்டியாகச் சாப்பிடணும். தண்ணீரோ டீயோ டம்ளரில் வாய் வைத்துச் சின்ன மடக்கு. அண்ணாந்து ஒரு சொட்டுக் கூடக் கூடாது. வாரம் ஒருமுறை நான் பார்க்க வேண்டும். அதற்காக இரண்டு பஸ் மாறிக் கள்ளக்குறிச்சி வருவது கஷ்டம் என்று மனைவி சொன்னபோது, "எதுக்குக் கஷ்டம்? ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக்கு வந்துடட்டும். வாய்க்காலத் தாண்டினா வூடு" என்றேன். அன்று ஊர் திரும்பும்போது பஸ் ஜன்னல் கண்ணாடியில் என் முகம் எனக்கே மிகவும் பிடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவிக்குக் களை எடுக்கும் வேலை. அவர் தனியாக, குச்சி ஊன்றி வந்தார். வாசல் கேட்டுக்கு உள்ளே, படிக்குக் கீழே நின்றார். அம்மா வாசலில் நின்றிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் வார்த்தைக்கு வார்த்தை வந்த 'அண்ணே' எனக்கு அங்கே வரவில்லை. 'வாடா' என்கிற வயதும் இல்லை, 'வாங்க' என்கிற தைரியமும் இல்லை. "வந்தாச்சா?" என்றேன். யாரையும் எதுவும் சொல்லாமல் பேச நம் மொழியில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

அம்மா நல்லவர்கள். இதை நான் கிண்டலாக எழுதவில்லை. அவர் விழுந்துவிட்டார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்கு ஒரு மூட்டை நெல் அனுப்பியவர்கள். "ஒடம்பு தேவலயாப்பா? வெயில்ல நடந்து வந்திருக்க, இந்தா" என்று சொல்லி, வெளிக் குழாயில் சொம்பைப் பிடித்து நீட்டினார்கள்.

அந்தச் சொம்பு எங்கள் வீட்டின் வெளிக் குழாய்க்குப் பக்கத்துச் சுவரில் எப்போதும் இருக்கும். வீட்டுக்குள் வராது. கழனியில் வேலை செய்கிறவர்கள் வந்தால் அதில்தான் தண்ணீர். அவர்களும் அதைத் தூக்கித்தான் குடிப்பார்கள். ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. எனக்குப் பல் முளைக்கும் முன்பே அது அங்கே இருந்தது. அதனாலேயே அவரை வீட்டுக்குக் கூப்பிட்டபோது அது என் நினைவில் வரவில்லை.

அவர் சொம்பை வாங்கினார். சொம்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். உள்ளே போய் ஒரு டம்ளர் எடுத்து வந்து, "இதுல வாய வெச்சிக் குடிங்கண்ணே" என்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க வார்டில் சொல்வதுதான். ஆனால் அது எங்கள் வீட்டு டம்ளர், அவர் உதடு, பக்கத்தில் அம்மா. குடிக்க மாட்டேன் என்று அவராலும் சொல்ல முடியாது; பெரிய வீட்டு அம்மா தன் கையால் கொடுத்த தண்ணீர். அவ்வளவும் எனக்கு அந்த நொடியில் விளங்கியது. விளங்கவில்லை என்றால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

நான் ஒரு ஜோக் சொன்னேன். "எங்க போர் தண்ணி, சர்க்கர இல்லாமலே இனிக்கும். டீ கேட்டுக்கினு இருந்த வாய்க்கு இது போதும்." அம்மா சிரித்தார்கள்.

அவர் அண்ணாந்து மடமடவென்று ஊற்றிக்கொண்டார்.

இருமவில்லை. இருமியிருந்தால் நல்லது, தப்பாகப் போனதைத் தொண்டை வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். வாதம் அடித்த சில தொண்டைகளுக்கு உறைக்காது, சத்தமில்லாமல் உள்ளே விட்டுவிடும். சொம்பைக் கவிழ்த்துச் சுவரில் வைத்துவிட்டு, "வரேன் சார்" என்றார். கொளகொளவென்று ஈரக் குரல். அடுத்த வார்டு வரை கேட்கும் என் காதுக்கு, மூன்றடி தூரத்தில் நன்றாகவே கேட்டது. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். அன்றைக்குப் பயிற்சியும் செய்யவில்லை. அவர் கேட்டை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் காய்ச்சல். அதற்கு அடுத்த நாள் மூச்சு வாங்கி, அதே வார்டு, அதே கட்டில். நெஞ்சில் சளி கட்டியிருந்தது. மூக்கில் மறுபடி குழாய்.

கேஸ் ஷீட்டில் என் பங்குக்கு நான் எழுத வேண்டும். நன்றாக யோசித்து ஒரு வரி எழுதினேன்: 'வீட்டில் அறிவுரையைப் பின்பற்றவில்லை.' யார் வீட்டில், யார் பின்பற்றவில்லை என்று எழுதவில்லை. அந்த அளவுக்கு அது உண்மை. வக்கீலுக்குப் படித்திருந்தால் இன்னும் நன்றாக வந்திருப்பேன்.

வார்டு டாக்டர் என்னைவிடச் சின்ன வயது, வெளியூர்ப் பெண். அந்த வரியைப் படித்துவிட்டு, வீட்டில் கட்டுப்பாடாக இருக்க மாட்டார் என்றால் வாய் வழியே கொடுப்பது இனி ஆபத்து என்றார். வயிற்றில் சின்னத் துளை போட்டு, அதில் குழாய் வைத்து அனுப்பிவிடலாம். எத்தனையோ பேருக்கு அந்தக் குழாய் உயிர் கொடுத்திருக்கிறது, நானே சிபாரிசு செய்திருக்கிறேன். ஆனால் இவருக்கு அது வேண்டியதில்லை. டம்ளரில் வாய் வைத்து ஒழுங்காகக் குடிக்கக் கற்றுக்கொண்ட தொண்டை அது. அந்தத் துளை விழுந்தால் என் ஒரு வரியால் விழும். அப்புறம் அவருக்குக் கஞ்சியும் இல்லை, டீயும் இல்லை.

மனைவிக்கு ஒன்றும் புரியவில்லை. "வூட்ல நான் ஒரு சொட்டு மாத்திக் குடுக்கல டாக்டரம்மா. உப்புக் கூட அவரு கேட்டா மாதிரிதான் போட்டேன்" என்றார். நர்ஸ், "டீக்கடைக்குப் போயிருப்பாருமா, டீ டீன்னுதான இருந்தாரு" என்றாள். மனைவி கணவரிடம் திரும்பினார்.

"எங்க போயி குடிச்ச? சொல்லு. டீக்கடயிலதான?"

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வாயத் தொற. உனுக்கு அந்த டீ அவ்ளோ பெருசாப் பூச்சா? நான் களைவெட்டப் போவாம உன்ன மடியில கட்டிக்கினு குந்தி இருக்கணுமா?"

"ஆமா, டீதான்" என்றார் அவர்.

நான் கட்டிலின் இந்தப் பக்கம் நின்றிருந்தேன். மனைவி என் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். "சார், நீங்க சொல்லுங்க டாக்டரம்மாகிட்ட. நீங்க சொன்னா கேப்பாங்க. வவுத்துல ஓட்ட போட வேணாம் சார். நம்ம ஊரு புள்ள நீங்க."

நான் மருந்துக் கடை வரை போய் வருகிறேன் என்று வெளியே வந்தேன். எனக்கு அங்கே வாங்க எதுவும் இல்லை. ஒரு சோடா குடித்தேன், அண்ணாந்துதான். பிறகு டாக்டரின் அறைக்குப் போனேன்.

வழக்கம்போல ஒரு ஜோக்கில் தொடங்கினேன். "டாக்டர், அந்த அறிவுரையப் பின்பற்றாத ஆளக் கண்டுபுடிச்சிட்டேன். நோயாளி இல்ல, தெரபிஸ்ட்டு." அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"எங்க குடிச்சார்?"

"எங்க வீட்ல."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"மூணு அடி தள்ளி."

"ஏன் தடுக்கல?"

சொம்பைப் பற்றிச் சொன்னேன். வெளியூர்ப் பெண், விளக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். "புரியுது. எங்க ஊர்லயும் சொம்பு இருக்கு" என்றார். கேஸ் ஷீட்டை என் பக்கம் தள்ளினார். "அந்த வரிய அடிச்சிட்டு, நடந்தத எழுதுங்க."

எழுதினேன். அவ்வளவு மோசமான கையெழுத்து எனக்குப் பரீட்சையில் கூட வந்ததில்லை. படித்துவிட்டு அவர், நெஞ்சு தெளிந்ததும் இரண்டு வாரம் தருகிறேன், வாய் வழியே மறுபடி முயன்று பாருங்கள், அதற்குப் பிறகு முடிவு செய்யலாம் என்றார். நான் எழுந்ததும், "அந்தம்மாகிட்டயும் நீங்கதான் சொல்லணும்" என்றார். "அவங்க இன்னும் டீக்கடையத் திட்டிக்கிட்டு இருக்காங்க."

கட்டிலருகே போய் நின்று சொன்னேன். இம்முறை ஜோக் எதுவும் கைவசம் இல்லை. எங்கள் வீட்டில், எங்கள் சொம்பில், என் கண்ணெதிரே குடித்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பழியை அவர்மேல் எழுதியதும் நான்தான். இப்படி வரிசையாகச் சொன்னேன்.

அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. கணவரைப் பார்த்து, "இதச் சொல்றதுக்கு இன்னா உனுக்கு? நான் காலையிலேர்ந்து அந்த டீக்கடக்காரன் வம்சத்தையே இழுத்துக்கினு கெடக்கறேன்" என்றார்.

அவர் குழாய் ஆட மெல்லத் திரும்பினார். "சாரு பாத்துக்கினுதான் இருந்தாரு. அவங்கம்மா எதுருல இன்னா செய்வாரு, பாவம். மூஞ்சி ஒரு மாதிரி ஆயிப்போச்சி. அதான் நானே வெரசா ஊத்திக்கினேன்."

என் சங்கடம் ஒரு நொடி கூட நீளக்கூடாது என்று அவர் அவசரமாகக் குடித்திருக்கிறார். ஒழுங்காகக் குடிக்க அவருக்குத் தெரியும். நான்தானே சொல்லிக்கொடுத்தேன்.

அந்த அம்மா புடவை முனையால் அவர் வாயோரம் வழிந்ததைத் துடைத்துவிட்டார். "இவரு பெரிய தர்மரு" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வாரத்தில் குழாய் எடுத்தோம். இம்முறை சாமைக் கஞ்சிக்கு உப்புச் சரியாக இருந்ததாம். துளை போடவில்லை.

அம்மாவிடம் இன்று வரை நான் எதுவும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்ன வீரம் வாய்க்காலைத் தாண்டவில்லை. ஒரு நாள் யாரும் பார்க்காதபோது அந்தச் சொம்பை எடுத்துப் பையில் போட்டுக் கொண்டுபோய் ஆஸ்பத்திரி மேசையில் பேனா போட்டு வைத்தேன். என் புரட்சி அவ்வளவுதான். அம்மா பழைய இரும்புக்காரன்மேல் சந்தேகப்பட்டு, சந்தையில் வேறு சொம்பு வாங்கி அதே இடத்தில் வைத்தார்கள். பழையதைவிடப் பளபளப்பாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் அவர் வீட்டுக்குப் போகிறேன். முதல் தடவை போனபோது அவர் மனைவி ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். வழியெல்லாம் நினைத்து வைத்திருந்தபடி, நான் அதில் உதட்டைப் பதித்து, அவர்கள் நன்றாகப் பார்க்கும்படி உறிஞ்சிக் குடித்தேன்.

"அய்ய, வாய வெச்சிட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. "அது அவரு பழவுற டம்ளரு சார். எங்க வூட்ல வேற யாரும் வாய வெச்சிக் குடிக்க மாட்டோம்." டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு போய் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். அந்தத் தேய்ப்பு முடிகிற வரை நான் என் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் படுக்கையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இன்னும் கொஞ்சம் கோணல்தான். கழுவின டம்ளரில் டீ வந்தது. தாடையைக் குனிந்து, உள்ளே தன் முகத்தைப் பார்த்து, சின்ன மடக்காக உறிஞ்சினார். "ஆ" என்றார். தெளிவாக இருந்தது. இன்னொரு மடக்கு, இன்னொரு "ஆ". நான் சரி என்று தலையாட்டினேன்.

"நீங்களும் ஒரு தபா சொல்லுங்க சார்" என்றார் அந்த அம்மா. "உங்க கொரலு எப்டிக் கீதுன்னு நாங்களும் பாக்கறோம்."

விளையாட்டுக்குத்தான் கேட்டார். நானும் விளையாட்டாகத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் கணவரிடம் திரும்பினார். "சாருதுதான் சரியில்ல" என்றார்.